நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்

மே 4, திங்கள்

மூன்றாவது துளையில் மாட்டியது. தொண்ணூற்றிரண்டாவது மீட்டரில், கரும்பச்சைக் கல்லுக்கு நடுவே ஒன்றேகால் மீட்டர் வெள்ளைக் குவார்ட்ஸ். அதில் ஓரிடத்தில் கடுகளவு தங்கம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. துளை போடும் ரிக்கில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். டிரில்லர் முனிரத்தினம் அண்ணன் மட்டும் தட்டவில்லை. "ரீஃப் தலையத்தான் காட்டிக்கீது சார். உடம்பு எந்தப் பக்கம் போவுதோ" என்றார். கோலார் தங்கவயல்காரர், அங்கே தங்க நரம்புக்கு ரீஃப் என்று பெயர். முப்பது வருடமாகப் பாறையைத் துளைக்கிறவர். அவர் சந்தோஷப்பட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

அம்மா போனில், தங்கத்தைத் தோண்டி எடுக்கிறாயா என்று கேட்டாள். ராசிபுரம் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். தோண்டவில்லை அம்மா, துளை போட்டுக் கல்லைக் குச்சி குச்சியாக வெளியே எடுக்கிறோம், அதற்குக் கோர் என்று பெயர், அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பார்க்கிறோம் என்றேன். "அதுக்கா எம்.எஸ்.சி. படிச்ச?" என்றாள்.

ஆந்திராவின் குப்பம் ஊருக்கு மேற்கே, மாந்தோப்புக்கும் தக்காளிக் காட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கேம்ப். மூன்று மாதமாக இங்கே இருக்கிறேன். கோர் வைக்கும் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினோரு மணிக்கு மேல் உள்ளே தலை வேகிறது.

மே 5, செவ்வாய்

அந்தக் குவார்ட்ஸ் நரம்பு எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த துளையை எங்கே போடுவது என்று சொல்ல முடியும். கோர் குழாய்க்குள் சுழன்று வெளியே வரும். பூமிக்குள் அது எப்படிப் படுத்திருந்தது என்று பார்த்தால் தெரியாது. அதனால் ரிக்கில் முனிரத்தினம் அண்ணன் ஒரு கருவியை வைத்து, பூமிக்குள் கீழ்ப்பக்கமாக இருந்த இடத்தில், கோரின் முகப்பில் பென்சிலால் புள்ளி வைப்பார். ஷெட்டில் மார்த்தா அக்கா துண்டுகளை இரும்புப் பள்ளத்தில் ஒட்டவைத்து, அந்தப் புள்ளியிலிருந்து நீளவாக்கில் கறுப்புக் கோடு இழுப்பார். நான் அந்தக் கோட்டிலிருந்து கோணம் அளப்பேன். போன கேம்பில் கோடு மேல்பக்கம் போடுவார்கள், இங்கே கீழ்ப்பக்கம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம், தலைவலி.

அளந்து, போன கேம்பிலிருந்து கொண்டுவந்த என் எக்செல் கணக்குத் தாளில் எண்களைப் போட்டேன். நானே எழுதிய தாள், நிமிடத்தில் விடை வரும். நரம்பு மேற்கே, மெதுவான சரிவில் இறங்குகிறது. பச்சைக் கல்லுக்குள் ஓடும் இழைகளையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது முறை. அதற்கு ஒரு முழு நாள் போகும். நரம்பைத்தானே தேடுகிறோம்?

நான்காம் துளை மேற்கே. பெங்களூரில் இருக்கும் என் மேலதிகாரி ஸ்ரீவத்சன் சாருக்கு மெயில் போட்டாயிற்று.

மே 7, வியாழன்

தண்ணி லாரி வரவில்லை. ரிக் நின்றது. குளிக்கவும் இல்லை.

மே 9, சனி

மதியம் கோடை மழை. ஷெட்டில் நானும் மார்த்தா அக்காவும் மட்டும். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். தங்கவயல் மாரிகுப்பத்தில் சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர், சுரங்கம் மூடியபின் வீட்டோடு. சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான். வாரம் முழுக்க இங்கே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார். பதினைந்து வருடமாகக் கோர் கழுவி, அடுக்கி, கோடு போடுகிறார். ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும் கோடு. பேச்சு அதிகம், அதுதான் தொல்லை.

மூன்றாம் துளையின் பத்தொன்பதாம் பெட்டியைக் கழுவிக்கொண்டே, இந்த வெள்ளைக் கல்லில் மட்டும் ஏன் சட்டைத் துணி மாதிரி வரி வரியாக இருக்கிறது என்று கேட்டார். மழை நிற்கிற வழியாக இல்லை. சொன்னேன்.

பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை பிளந்து, இரண்டு பக்கமும் உரசியபடி இறுகி நிற்கும். பிளவுக்கு அடியில் வெந்நீர் சிக்கிக் கிடக்கும். அதில் குவார்ட்ஸ் ஆகிற சரக்கு கரைந்திருக்கும், தங்கமும் இருக்கும், ஒரு குளத்துக்கு ஒரு சிட்டிகை கணக்கில். அழுத்தம் வருடக்கணக்காக ஏறும். ஒரு நாள் பிளவு தாங்காமல் வழுக்கும். மேலே இருப்பவர்களுக்கு அது நிலநடுக்கம். கீழே, பிளவு வளைகிற இடங்களில் சட்டென்று ஒரு சந்து திறக்கும். அழுத்தம் கண்ணிமைக்கிற நேரத்தில் விழும், தண்ணீர் ஆவியாகச் சீறும், கரைந்திருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே கல்லாக ஒட்டிவிடும். பிறகு சந்து அடைபடும். மறுபடியும் அழுத்தம் ஏறும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. ஒரு ஆட்டத்தில் கிடைக்கிற தங்கம் தூசு. ஆயிரக்கணக்கில் ஆடினால்தான் ஒரு ரீஃப். இது போக, குவார்ட்ஸை நசுக்கினால் மின்சாரம் வரும், அந்த மின்சாரமும் தங்கத்தை இழுத்து ஒட்டவைக்கலாம் என்று இப்போது சிலர் சோதனை செய்து சொல்கிறார்கள்.

"கேஸ் லைட்டர் மாதிரி" என்றார் மார்த்தா அக்கா. சரிதான், அதே தத்துவம்தான். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா சார், நெலம் ஆடுனா தங்கம்னா, எங்க லைன் வீட்ல அலமாரி நெறைய தங்கம் இருக்கணுமே" என்றார். சின்ன வயதில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடுமாம். எவர்சில்வர் சாமானெல்லாம் பரணிலிருந்து உருளும். அவருடைய அம்மா தெருவுக்கு ஓடிவந்து ஷிஃப்டுக்குப் போன ஆண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு, அதற்கப்புறம்தான் சாமான் எண்ணுவாளாம்.

பிறகு ஒரு சாண் நீளத் துண்டை எடுத்து வரிகளை எண்ண ஆரம்பித்தார். அறுபத்தொன்று. பெட்டி விளிம்பில் பென்சிலால் 61 என்று எழுதிவைத்தார். பெட்டியில் ஆழத்தைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று கத்தினேன். அழிக்கட்டுமா என்று கேட்டார். ஷெட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பதும் விதி. தப்பானால் குறுக்கே ஒரு கோடு அடித்துத் திருத்தியவர் பெயரைப் போட வேண்டும். விட்டுவிட்டேன்.

மே 12, செவ்வாய்

நான்காம் துளை: நூற்று எழுபத்தெட்டு மீட்டர். பச்சைக் கல். பச்சைக் கல். பச்சைக் கல்.

மே 13, புதன்

ஐந்தாம் துளையை இன்னும் மேற்கே தள்ளியிருக்கிறேன். நரம்பு நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போகிறது, அவ்வளவுதான். முனிரத்தினம் அண்ணன் இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல சார், நீங்க படிச்சவங்க" என்றார். இந்த வாக்கியத்தைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

மெஸ்ஸில் ஐந்தாவது நாளாக மாங்காய்க் குழம்பு.

மே 18, திங்கள்

ஐந்தாம் துளையும் காலி. ஸ்ரீவத்சன் சார் போனில் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் தேவலை. இன்னும் ஒரே ஒரு துளைக்குத்தான் மேலே அனுமதி, அதுவும் காலி என்றால் கேம்பைப் பிரிக்க வேண்டியதுதான் என்றார். வியாழக்கிழமை நேரில் வருகிறார். சாய்வை எப்படிக் கணக்குப் போட்டேன் என்று விளக்கத் தயாராக இருக்கச் சொன்னார்.

இருபத்திரண்டு பேர் இந்த கேம்பில் வேலை செய்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். தூங்கினேன். அசதி.

மே 19, செவ்வாய்

தாளை மூன்று முறை சரிபார்த்தேன். கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை.

நான் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைச் சுற்றி வந்ததைப் பார்த்து மார்த்தா அக்கா, "சார், ஒண்ணு சொல்லட்டா? ஓடைல கல்லு வெளியவே நிக்குதே. அதுல இழை எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணால பாத்துக்கலாம். அதே இழை பொட்டில எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணா வரணும்ல?" என்றார்.

எனக்குத் தெரியாததில்லை. பாடப்புத்தகத்தின் முதல் பக்கம். வேலை நெருக்கடியில் விட்டிருந்தேன்.

மே 20, புதன்

ஓடைக்குப் போனேன். இழைகள் கிழக்கே, கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகின்றன. முப்பது இடத்தில் அளந்தேன், எல்லாம் கிழக்கு. ஷெட்டுக்கு வந்து மூன்றாம் துளையின் கோரில் அதே இழைகளை அளந்து தாளில் போட்டேன். மேற்கு, மெதுவான சரிவு.

ஆக, கோடு தலைகீழ். கீழே போட வேண்டியதை மார்த்தா அக்கா மேலே போட்டிருக்கிறார். மூன்று துளையிலும், ஒரே மாதிரி. தலைகீழாக்கிக் கணக்குப் போட்டேன். இழையும் கிழக்கு, நரம்பும் கிழக்கு. எல்லாம் பொருந்தியது. நான் நேற்றெல்லாம் தேடிய பிழை, பத்து நிமிடத்தில்.

நடுராத்திரி தாண்டும் வரை உட்கார்ந்து, மூன்று, நான்கு, ஐந்தாம் துளைகளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் கறுப்புக் கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் சிவப்புக் கோடு போட்டேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. கறுப்பின் குறுக்கே அடிக்க நேரமில்லை, பெயரை மட்டும் விதிப்படி ஒவ்வொன்றிலும் 'திருத்தியது: திருநாவுக்கரசு' என்று எழுதினேன். முதுகு விட்டுப்போயிற்று.

முகப்பில் பென்சில் புள்ளி இருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். கழுவியதில் பெரும்பாலும் போயிருக்கும். பார்க்கவில்லை.

மே 21, வியாழன்

ஸ்ரீவத்சன் சாரும், டிரில்லிங் கான்ட்ராக்டரின் மேனேஜரும் வந்தார்கள். காட்டினேன். ஓடைச் சோதனை சாருக்குப் பிடித்துவிட்டது. அது என் யோசனையா என்று கேட்டார். முறைதானே சார் என்றேன்.

எப்படி நடந்திருக்கும் என்று கேட்டார். வேறு கேம்பில் மேல்கோடு போட்டுப் பழகியிருக்கலாம், கை பழைய வழக்கத்துக்குப் போயிருக்கும் என்றேன். அது ஒரு சாத்தியம் என்ற அளவில்தான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. ஷெட்டில் கோடு போடுகிறவர் ஒருவர்தான்.

மேனேஜர் முதலில் முனிரத்தினம் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, புள்ளியை நான் சரியாகத்தான் வைத்தேன் என்றார். பிறகு மார்த்தா அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கோடு கீழதான் சார் போட்டேன். அண்ணன் வெச்ச புள்ளி பாதிக் கல்லுல இன்னும் கீது. எடுத்துப் பாருங்க."

மணி ஒன்றரை. சாருக்குத் திரும்பப் பெங்களூர் போக வேண்டும். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கீழேதான் போட்டேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார்.

மே 22, வெள்ளி

காலை பஸ்ஸில் மார்த்தா அக்கா போனார். நான் அந்த நேரம் ஆறாம் துளைக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தேன், கிழக்கே. ஷெட்டில் அவருடைய பிரஷ், பிளாஸ்டிக் ஸ்டூல், தேய்ந்துபோன கறுப்பு மார்க்கர்.

கோடு போட ஆள் இல்லை. முனிரத்தினம் அண்ணனே ஷிஃப்ட் முடிந்து வந்து போடுவதாகச் சொன்னார்.

மே 25, திங்கள்

ஆறாம் துளை அறுபது மீட்டர். ஃபேன் ஓடவில்லை. மேனேஜர் போனில் வேறு விஷயம் பேசும்போது, மற்ற சைட்காரர்களுக்கும் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவைத்துவிட்டேன், அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

மே 28, வியாழன்

மாட்டியது. நூற்று நாற்பத்து மூன்றில். இரண்டு மீட்டர் பத்து சென்டி. வரி வரியாக வெள்ளை, நடுவில் பச்சைக் கல்லின் மெல்லிய செதில்கள். தங்கம் மூன்று இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பிளவு வளைந்து வாய் பெரிதாகத் திறந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறோம்.

ஸ்ரீவத்சன் சார், "அரசு, உன்னாலதான் இந்த கேம்ப் நிக்குது" என்றார். மேனேஜர் குப்பத்திலிருந்து இரண்டு கிலோ மைசூர்பாகு அனுப்பினார். ஆட்கள் சாப்பிட்டார்கள். முனிரத்தினம் அண்ணன் சர்க்கரை வியாதி என்று சொல்லித் தொடவில்லை. போன மாதம் அவர் ஜிலேபி சாப்பிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். எத்தனை பவுன் இருக்கும் என்று கேட்டாள்.

மே 29, வெள்ளி

ஆறாம் துளையின் கோரை அளந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை, இழைகளையும் அளந்தேன். கோடு போடும்போது முனிரத்தினம் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கருவி சொன்ன கீழ்ப்பக்கம், புள்ளி, புள்ளியிலிருந்து கோடு. என் கண்ணால் பார்த்தது.

தாளில் போட்டேன். மேற்கு. மெதுவான சரிவு.

மூன்றாம் துளையிலும் ஆறாம் துளையிலும் நரம்பு வெட்டின இடங்களை ஒரு கோட்டால் இணைத்தால் கிழக்கே செங்குத்தாகப் போகிறது. அது கணக்கு இல்லை, கல். கல் கிழக்கு என்கிறது, என் தாள் மேற்கு என்கிறது.

மே 30, சனி

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மே 31, ஞாயிறு

தாளின் முதல் வரியில், நான் ஒன்றரை வருடத்துக்கு முன் தட்டிய ஒரு கட்டம். 'கோடு: மேல்.' இங்கே வந்து அதை மாற்றவே இல்லை.

பத்தொன்பதாம் பெட்டியைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகப்பைப் பார்த்தேன். பதினொரு துண்டில் நான்கில் பென்சில் புள்ளி இருக்கிறது. நான்கும் கறுப்புக் கோட்டின் மேலேயே. மயிரிழை விலகல் இல்லை.

அவர் கோடு சரி. என் தாள் தப்பு. பிறகு நான் சரியான கோட்டைத் தப்பாக்கினேன், தப்பும் தப்பும் சேர்ந்து விடை சரியாக வந்தது. துளை மாட்டியது.

கட்டத்தை 'கீழ்' என்று மாற்றினேன். ஒரு சொடுக்கு.

ஜூன் 1, திங்கள்

சாரின் அறிக்கை வந்தது. 'கோர் கையாளும் ஊழியரின் பிழை கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டது' என்று ஒரு வரி. இந்த வரி இல்லாமல் அறிக்கை நிற்காது. ஏன் இரண்டு துளை வீணாயின என்று மேலே கேட்பார்கள்.

முனிரத்தினம் அண்ணனிடம் மார்த்தா அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இரண்டு சைட்டில் கேட்டுப் பார்த்தாராம், கோடு மாற்றிப் போட்ட ஆளா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது விடிகாலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய் ஏதோ ஆபீஸில் தரை துடைக்கிறாராம். "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றார். சும்மா என்றேன்.

யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தாளை மாற்றியாயிற்று. சிவப்புக் கோடு போட்ட மூன்று துளைகளை இனிமேல் யாரும் அளக்கப்போவதில்லை, பெட்டிகள் கிடங்குக்குப் போய்விடும். பத்து இருபது வருடம் கழித்து எவனாவது திறந்தால், கறுப்புக் கோடு தப்பு, சிவப்புக் கோடு சரி என்று நினைத்து அளப்பான். அவன் தாளில் 'கீழ்' என்றிருக்கும். அவனும் மேற்கே போவான்.

இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், கிடங்கை. வேறு எதையும் இல்லை.

ஜூன் 2, செவ்வாய்

வேலை செய்தேன். சாப்பிட்டேன். மாங்காய்க் குழம்பு.

ஜூன் 3, புதன்

சாருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். நான்கு வாக்கியம்.

"விடை சரியா வந்துச்சுல்ல?" என்றார்.

வந்தது என்றேன்.

"அப்ப விடு. அறிக்கை போயாச்சு. அந்தம்மாவுக்கு வேற ஏதாவது பண்ணலாம், நான் பாக்கறேன். நீ சின்னப் பையன், உன் பேரைக் கெடுத்துக்காத."

என் பெயரைப் பற்றி வருடக்கணக்கில் யாரும் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. நன்றி சார் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 4, வியாழன்

மெயில் அனுப்பிவிட்டேன். சார், மேனேஜர், மேனேஜர் சொல்லிவைத்த இரண்டு சைட்காரர்கள், எல்லோருக்கும். பத்தொன்பதாம் பெட்டியின் புள்ளிகள் நான்கையும் படமெடுத்து இணைத்தேன். மார்த்தா போட்ட கோடுகள் அனைத்தும் சரி, பிழை என் கணக்குத் தாளில், ஓடையில் ஒப்பிடும் யோசனையும் அவருடையதே. சுற்றி வளைக்கவில்லை. மூன்று நாள் யோசித்ததற்கு எழுத ஏழு நிமிடம் ஆயிற்று.

மதியம் சார் கூப்பிட்டார். என் கான்ட்ராக்ட் செப்டம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கச் சொல்லித் தான் எழுதப்போவதில்லை என்றார். சரி என்றேன். மேனேஜர் ஒரு வரி பதில் போட்டார்: வேண்டுமானால் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

முனிரத்தினம் அண்ணனிடம் நேரில் சொன்னேன். பீடியைப் பற்றவைத்து முடித்தார். "நானும் அன்னிக்கு ஒரு கல்ல எடுத்துக் காட்டியிருக்கலாம் சார்" என்றார். பிறகு விலாசம் சொன்னார்.

ஜூன் 7, ஞாயிறு

மாரிகுப்பம். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேடு சாம்பல் நிறத்தில் மலை மாதிரி நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் வரிசையாக லைன் வீடுகள், ஒட்டி ஒட்டி. மார்த்தா அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்கு லீவு. உள்ளே அவருடைய அப்பா கட்டிலில், டிவி சத்தத்தோடு.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். போன கேம்பின் தாள், அந்தக் கட்டம், புள்ளிகள், மெயில். எதையும் விடவில்லை. அவர் துணியைப் பிழிவதை நிறுத்தவும் இல்லை.

கடைசியில், "எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "உங்களுக்கு முன்னாடி இருந்த சார் கோடு போட்டா ஒவ்வொரு துண்டா எடுத்துப் பாப்பாரு. நீங்க பொட்டியோட பாத்தீங்க."

திரும்ப வரச் சொன்னேன். கேம்ப் கேட்கிறது என்றேன்.

"அந்த செகப்புக் கோடு இன்னும் கீதா?"

இருக்கிறது என்றேன். அழிக்கக் கூடாதே, குறுக்கே அடித்துத்தான் திருத்த வேண்டும் என்றேன்.

"எத்தினி பொட்டி?"

"நூத்திப் பன்னெண்டு."

"அத்த மொதல்ல அடிங்க. சனிக்கெழம அரை நாள் லீவு போட்டுட்டு வந்து பாக்கறேன். பாத்துட்டு அப்பால சொல்றேன்."

உள்ளேயிருந்து அவருடைய அப்பா யார் என்று கேட்டார். "கேம்ப்ல இருந்து ஒர்த்தர்" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

ஜூன் 8, திங்கள்

மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. 19 பெட்டி. ஒரு பெட்டியில் ஐந்து வரிசைக் கல். ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும், நீல மார்க்கரால் சிவப்புக்குக் குறுக்கே அடிக்க வேண்டும், வைக்க வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

24. ஏழாம் துளைக்கும் எட்டாம் துளைக்கும் அனுமதி வந்திருக்கிறது. கிழக்கே, இன்னும் ஆழமாக.

ஜூன் 10, புதன்

22. கட்டைவிரல் மடங்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் வந்து பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜூன் 11, வியாழன்

20. மழை.

ஜூன் 12, வெள்ளி

27. முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டும்.

ஜூன் 13, சனி

மூன்று மணி பஸ்ஸில் வந்தார். கையில் பை எதுவும் இல்லை. நேரே ஷெட்டுக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூன்றாம் துளை, பத்தொன்பதாம் பெட்டி என்றார். இறக்கினேன். விளிம்பில் அவர் எழுதிய 61 அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார்.

வரி போட்ட வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஒரு பக்கம் அவருடைய கறுப்புக் கோடு. திருப்பினால் என் சிவப்பு, அதன் குறுக்கே நீலம். பெட்டி ஓரத்தில் சிவப்பில் 'திருத்தியது: திருநாவுக்கரசு'. அதற்கும் குறுக்கே நீலம். பக்கத்தில் நீலத்தில் 'வெ.தி.'

இன்னொரு பெட்டி கேட்டார். பிறகு ஐந்தாம் துளையிலிருந்து ஒன்று. மூன்றையும் ஒரே மாதிரி, அவசரமே இல்லாமல் பார்த்தார். எனக்குக் கால் வலித்தது.

"இது இன்னா சார், வெ.தி.?"

என் இனிஷியல் என்றேன். வெங்கடாசலம் மகன் திருநாவுக்கரசு.

"எம் மேல தப்புன்னு எழுதும்போது முழுப் பேரு போட்டீங்களே."

பெயர் நீளம் என்றேன். நூற்றுப் பன்னிரண்டு தடவை என்றேன். சொல்லும்போதே கேட்க நன்றாக இல்லை.

"அப்பவும் நூத்திப் பன்னெண்டுதான் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டு, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த ஏழாம் துளையின் கோரைப் பார்த்தார். முனிரத்தினம் அண்ணன் கழுவியது, மூலையெல்லாம் சேறு. தன் பிரஷ்ஷை எடுத்து உதறினார், அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு துண்டைக் கழுவினார். அது சுத்தமாவதைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் கழுவினார்.

ஐந்தரை பஸ்ஸுக்கு எழுந்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி, நீல மார்க்கரில் மை இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

லீவு. கேம்பில் யாரும் இல்லை. பெட்டி 1 முதல் 34 வரை, 'வெ.தி.'யின் குறுக்கே அடித்து, பக்கத்தில் நீலத்தில்:

திருநாவுக்கரசு.